‘ஷிகி’: பதவியா, காணியா?

வணக்கம். ஜப்பானிய வரலாற்றில் வரும் ‘ஷிகி’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது இது:

> ஷிகி என்றால் பதவி. அகராதியே அப்படித்தான் சொல்கிறது. இதில் என்ன குழப்பம்?

அகராதி சொல்வது அந்த எழுத்தின் மூலப் பொருளை. ஹெய்யான் காலத்தின் (794–1185) பிற்பகுதியில் ஷிகி என்பது ‘இந்தப் பண்ணை விளைச்சலில் இவ்வளவு எனக்கு’ என்ற உரிமையாகிவிட்டது. (பண்ணை என்று நான் எழுதுவது ஷோயெனை, அதாவது பிரபுக்களும் கோயில்களும் வைத்திருந்த தனியார் நிலத்தொகுதியை.) ஒரே வயலுக்குத் தலைநகரில் ஒரு பிரபு, நடுவில் ஒரு நிர்வாகி, ஊரில் ஒரு மேலாள் என்று அடுக்கடுக்காகப் பங்கு. அதைப் பிரிக்கலாம், மகளுக்கும் எழுதி வைக்கலாம். பதவியை யார் மகளுக்கு எழுதி வைப்பார்கள்?

‘பதவி’ என்று போட்டால் தலைநகர் கியோட்டோவின் அரசவை தேய்ந்த கதையே புரியாமல் போகும். 1185க்குப் பிறகும் அங்கே பட்டங்களுக்குக் குறைவில்லை. கமகுராவில் போர்வீரர் ஆட்சியை நிறுவிய யொரிதோமோ அவற்றைப் பறிக்கவில்லை. தன் வீரர்களை ஜிதோ (பண்ணையில் காவலும் வரி வசூலும் பார்ப்பவர்) என்ற பெயரில் பண்ணைகளுக்குள் நுழைத்தார். அதுவும் ஒரு ஷிகிதான். அப்புறம் மேலே போகவேண்டிய நெல் வழியிலேயே குறைந்தது.

அபுத்சு என்ற கவிஞரைப் பாருங்கள். கணவர் புஜிவாரா நோ தமெயியே, ஹொசொகவா பண்ணையை முதலில் மூத்த தாரத்து மகனுக்கு எழுதிவிட்டு, பிறகு மனம் மாறி அபுத்சுவின் மகனுக்கு எழுதினார். மூத்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. துறவியாகிவிட்ட அபுத்சு 1279இல் இரண்டு வாரம் பயணம் செய்து, வழியெல்லாம் கவிதை எழுதிக்கொண்டே, கமகுராவுக்கு வழக்காடப் போனார். அரசவைக் கவிக்குடும்பத்துச் சொத்துக்குப் போர்வீரர்கள் நீதிபதிகள்! இறுதித் தீர்ப்பு 1313இல்தான் மகன் பக்கம் வந்தது. அபுத்சு இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

எனவே என் பரிந்துரை ‘காணி’. சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது நிலம் மட்டுமில்லை. பரம்பரையாக வரும் தொழிலுரிமையும் காணிதான், தச்சாசாரியக் காணி என்பதுபோல. வேலை, வருமானம், வாரிசு மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘மிராசு’வும் பொருந்தும், ஆனால் கேட்டவுடன் தஞ்சாவூர்த் திண்ணையும் வெற்றிலைச் செல்லமும் வந்து நிற்கும்.

ஒரு சிக்கல் உண்டு. இலங்கை நண்பர்களுக்குக் காணி என்றால் நேரே நிலம்தான். அதனால் தனியாக விடாமல் மேற்காணி, இடைக்காணி, ஜிதோக்காணி என்று அடையோடு எழுதலாம். ஜிதோவை ‘பாடிகாவல்’ (பழைய ஊர்க்காவல் பொறுப்பு) ஆக்கலாமா என்று யோசித்தேன். காவல் பொருந்துகிறது, ஆனால் ஜிதோ வரியும் வசூலித்தார். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?