மஃப்ளரைத் தாண்டி அடுத்து என்ன பின்னுவது?

கேள்வி – புதுஊசி

அனைவருக்கும் வணக்கம். கம்பளி நூலில் பின்னுவதை அண்மையில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். ஊசியில் கண்ணிகளை (நூல் வளையங்களை) ஏற்றவும், நிட், பர்ல் என்னும் இரண்டு அடிப்படைக் கண்ணிகளையும் போடவும், கடைசி வரிசையை அடைத்து முடிக்கவும் தெரியும். எல்லா வரிசைகளையும் நிட்டாகவே போட்டு ஒரு மஃப்ளரையும் முடித்துவிட்டேன். இதற்கு அப்பால் எப்படி நகர்வது என்பதில்தான் தயங்கி நிற்கிறேன்.

30 கண்ணிகளில் தொடங்கிய அந்த மஃப்ளர் போகப்போக அகன்றுகொண்டே வந்தது. முடிக்கும்போது எண்ணினால் 37 கண்ணிகள் இருந்தன. எங்கே கூடின என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்து, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்ட துண்டு ஓரங்களில் சுருண்டுகொள்கிறது, நீவிவிட்டாலும் நிற்பதில்லை. இவை போதாதென்று நேரமும் ஒரு தடையாக இருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் எனக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம்தான் என்பதால், ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் எங்கே நிறுத்தினேன், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

என் இலக்கு ஒரு ஸ்வெட்டர். நேராக அதில் இறங்கலாமா, இன்னும் சில மஃப்ளர்கள் போட்டுக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது இடையில் வேறு ஏதாவது பின்ன வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – நூல்கண்டு

வணக்கம். இன்னொரு மஃப்ளர் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே பின்னலைத் திரும்பத் திரும்பப் போட்டால் வேகம் கூடும். ஆனால் ஊசியில் இருக்கும் துணியைப் பார்த்த மாத்திரத்தில் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று சொல்லும் திறன் அதனால் மட்டும் வந்துவிடாது. அந்தத் திறன் இல்லாதவரை எந்தப் பிழையும் பத்து வரிசை தாண்டிய பிறகுதான் கண்ணில் படும்.

உங்கள் 37 கண்ணிகளையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அவை வரிசையின் தொடக்கத்தில்தான் பிறந்திருக்கும். ஒரு வரிசையை முடித்து ஊசியைத் திருப்பியதும், நூல் முதல் கண்ணியின் அடியிலிருந்து தொங்கும். நிட் போடுவதற்காக அதைப் பின்பக்கம் கொண்டுபோகும்போது ஊசிக்கு மேலாக இழுத்துவிட்டால், முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு கால்களும் (வளையத்தின் இரு பக்க இழைகளும்) ஊசியின்மேல் ஏறி நின்று இரண்டு கண்ணிகள் போலத் தோன்றும். அவற்றைத் தனித்தனியாகப் பின்னினால் ஒரு கண்ணி கூடிவிடும். திருப்பியவுடன் நூலை உங்கள் பக்கமாகக் கீழே இழுத்துவிட்டு, பிறகு ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுசென்றால் இது நேராது. வரிசையின் நடுவில் சிறு ஓட்டையோடு ஒரு கண்ணி கூடியிருந்தால் காரணம் வேறு: நூல் முன்பக்கம் இருக்கும்போதே நிட் போட்டிருக்கிறீர்கள், அது ஊசியைச் சுற்றிக்கொண்டு புதுக் கண்ணியாகிவிட்டது. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே இவ்விரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

இப்படிப் பார்த்துப் பழகுவதைத்தான் முதல் பாடமாகச் சொல்வேன். நிட் கண்ணி, எதிர்ப்படும் பக்கத்தில் ஆங்கில வி எழுத்தைப் போல விரிந்து தெரியும். அதே கண்ணி மறுபக்கத்தில் ஒரு சிறு மேடாகத் தெரியும். பர்ல் என்பது நிட்டின் மறுபக்கமே தவிர வேறொரு பின்னல் அன்று. எல்லா வரிசைகளும் நிட்டாக உள்ள உங்கள் மஃப்ளரில் ஒவ்வொரு மேட்டுக் கோடும் இரண்டு வரிசைகளுக்குச் சமம் என்பதால், மேடுகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் வரிசைக் கணக்கு வந்துவிடும்.

சுருளுவது உங்கள் கைக்குறை அன்று. ஒரு பக்கம் முழுவதும் நிட்டாகவும் மறுபக்கம் முழுவதும் பர்லாகவும் அமையும் துணியில் இரு பக்கங்களின் இழுவிசையும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். எவ்வளவு கை தேர்ந்தவர் பின்னினாலும் இதுதான் நிலை. ஸ்வெட்டரின் விளிம்பில் ரிப் பின்னல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; அங்கே நிட்டும் பர்லும் மாறி மாறி வருவதால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடுகிறது. துண்டின் இரு பக்கமும் நாலைந்து கண்ணிகளை எல்லா வரிசைகளிலும் நிட்டாகவே போட்டு வந்தாலும் சுருளல் பெரிதும் அடங்கும்.

அடுத்த வேலையாக ஒரு குல்லாவைச் சொல்வேன். வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரு முனைகள் கொண்ட ஊசி) சுற்றிச் சுற்றிப் பின்னுவது, ரிப், கண்ணி குறைப்பது ஆகிய மூன்றும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும்; ஒன்று கைக்குப் பிடிபட்ட பிறகே அடுத்தது குறுக்கிடும். கருப்பு நூலும் மயிர் சிலிர்த்த நூலும் இப்போதைக்கு வேண்டாம், கண்ணியே தெரியாது. வெளிர் நிறத்தில், வழவழப்பான, நடுத்தரப் பருமனுள்ள நூலும் 5 மி.மீ. ஊசியும் போதும், உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழுகின்றன என்றால் மூங்கில் ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். பருத்தி நூல் நல்லதுதான் என்றாலும் அதில் நீளும் தன்மை இல்லாததால் கையின் இறுக்கத்தில் உள்ள ஏற்ற இறக்கங்கள் அப்படியே வெளியே தெரியும். கம்பளி பலவற்றை மறைத்துக்கொடுக்கும்.

மறுமொழி – அரைமணிப் பின்னல்

நூல்கண்டு அவர்கள் சொன்னவற்றை ஏற்கிறேன். நேரத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் என் நிலைமையும் உங்களுடையதைப் போன்றதே.

ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு நடுவிலும் பயணத்திலும் கண்ணை அதிகம் கொடுக்காமல் போடக்கூடிய நேர்ப்பின்னல் ஒன்று. அமைதியாக உட்கார நேரம் வாய்க்கும்போது மட்டும் எடுக்கும் புதுப்பாடம் மற்றொன்று. கவனம் தேவைப்படும் வேலையைச் சந்தடியில் எடுப்பதால்தான் பலரும் சோர்ந்து, பாதியிலேயே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

எங்கே நிறுத்தினோம் என்ற குழப்பத்துக்கு முதல் தீர்வு, கூடியவரை வரிசையின் முடிவில் மட்டுமே நிறுத்துவது. நடுவில் விட்டு வைத்தால் இரண்டு ஊசிகளுக்கும் இடையில் உள்ள கண்ணி இழுபட்டுப் பெருத்துவிடும். அந்த இடம் பிறகு துணியில் தனியாகத் தெரியும். தவிர்க்க முடியாமல் நடுவில் விட நேர்ந்தால், மீண்டும் எடுக்கும்போது நூலுருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியின் கண்ணியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். வலது கையால் பின்னுபவருக்கு அந்த ஊசி வலது கையில் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருப்பீர்கள், அங்கே ஓர் ஓட்டையும் விழும். முன்பக்கம் எது என்று தெரிவதற்கு, அந்தப் பக்கத்துக் கண்ணி ஒன்றில் வேறு நிறத்தில் ஒரு துணுக்கு நூலைக் கட்டி விடுங்கள். வரிசை எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். கைபேசியில் குறிப்பதும் உண்டு, ஆனால் அதைத் திறந்தால் வேறு எதையாவது பார்க்கத் தொடங்கிவிடுகிறோம் என்பது என் அனுபவம்.

புதுப்பாடத்தில் இறங்கும்போது காப்பு நூல் போட்டுக்கொள்வது நல்லது. சரியாக வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்ட ஒரு வரிசையில், வேறு நிறத்தில் மெல்லிய வழவழப்பான நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் செலுத்திவிடுங்கள். பிறகு எவ்வளவு பிரிக்க நேர்ந்தாலும் பிரிப்பு அந்த நூலோடு நின்றுவிடும். ஒரே ஒரு கண்ணி மட்டும் நழுவி ஏணிபோல இறங்கியிருந்தால் மொத்தத்தையும் பிரிக்கத் தேவையில்லை. நிட் பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே உள்ள ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம்.

மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஊசியை இறுக்கிப் பிடிப்பது தொடக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

மறுமொழி – மாதிரித்துண்டு

ஸ்வெட்டர்தான் இலக்கு என்று எழுதியிருப்பதால், அளவைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது முறை. பின்னல் குறிப்பில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் என்று இருக்கிறது, மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் அதற்கு 220 கண்ணிகள் வேண்டும். உங்கள் கை சற்றுத் தளர்வாக இருந்து 10 செ.மீட்டருக்கு 20 கண்ணிகளே வருகின்றன என்று வையுங்கள். அதே 220 கண்ணிகள் 110 செ.மீ. ஆகிவிடும். பத்துக்கு இரண்டு கண்ணி என்பது பார்க்கச் சிறிய வேறுபாடுதான், ஆனால் உடம்பில் போட்டால் வேறொருவருடைய ஸ்வெட்டரை வாங்கிப் போட்டதுபோல இருக்கும்.

ஆகவே குறைந்தது 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் உள்ள 10 செ.மீட்டரில் எண்ணுங்கள். துவைப்பதற்கு முன் எண்ணுவதை நம்ப வேண்டாம். இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்தப்பட்ட கம்பளி, நனைந்தபின் நன்றாகவே நீண்டுவிடும். கண்ணிகள் குறைவாக வந்தால் 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 3.5 மி.மீ. எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அதிகமாக வந்தால் பெரிய ஊசி. கையை வலிந்து இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயல வேண்டாம், நான்கு வரிசை போனால் கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

மறுமொழி – நூல்கண்டு

மாதிரித் துண்டைப் பற்றி நண்பர் சொன்னது ஸ்வெட்டருக்கு முற்றிலும் சரி. ஆனால் குல்லாவுக்கே அதைக் கட்டாயமாக்கினால் தொடக்கநிலையில் உள்ளவர் குல்லாவையே தொட மாட்டார். குல்லாவையே மாதிரித் துண்டாக வைத்துக்கொள்ளலாம் என்பேன். 10 செ.மீட்டருக்கு 20 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டு, தலைச் சுற்று 56 செ.மீ. என்றால், குல்லா தலையைப் பிடித்து நிற்க நாலு செ.மீ. குறைத்து 52 செ.மீட்டருக்கு 104 கண்ணிகள் ஏற்றுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்னும் ரிப்புக்கு அது நாலால் வகுபடும்; உச்சியில் குறைக்கும்போது பதின்மூன்று கண்ணிகள் கொண்ட எட்டுப் பங்காகவும் பிரியும். ஒவ்வொரு பங்கின் கடைசி இரண்டு கண்ணிகளையும் சேர்த்து ஒன்றாகப் பின்னி, அடுத்த சுற்றை வெறும் நிட்டாகப் போட்டு, இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் எட்டு எட்டாகக் குறைத்துக்கொண்டே போகலாம். கடைசியில் எஞ்சும் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இறுக்கிக் கட்டினால் குல்லா முடிந்தது. அளவு சற்று முன்பின் ஆனாலும் அது யாராவது ஒருவர் தலைக்குப் பொருந்தும்!

ஒன்றில் மட்டும் அசட்டை வேண்டாம். முதல் சுற்றை இணைக்குமுன் ஏற்றிய கண்ணிகளின் அடிவிளிம்பு முழுவதும் வட்ட ஊசியின் உட்பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தால் பிறகு பிரிப்பதைத் தவிர வழியே இல்லை.

புதுஊசி

மிக்க நன்றி. முதல் கண்ணியின் இரண்டு கால்கள் என்று படித்தவுடன் மஃப்ளரை எடுத்துப் பார்த்தேன். கூடிய இடங்களெல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. குல்லாவுக்குக் கண்ணி ஏற்றப் போகிறேன். இன்னும் ஓர் ஐயம்: நான் முன்பு சொன்ன, சுருளும் அந்தத் துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் இரண்டு இரண்டு வரிசைகளாக நெருங்கி, இடையிடையே பள்ளம் விழுந்தாற்போல் இருக்கிறது. இது எதனால்?

மறுமொழி – மாதிரித்துண்டு

உங்கள் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக இருக்கிறது என்பதன் அடையாளம் அது. பர்ல் போடும்போது கூடுதல் நூல் கண்ணிக்குள் போய்விடுவது பலருக்கும் நேர்வதுதான். பர்ல் கண்ணி ஒவ்வொன்றையும் முடித்தவுடன் நூலை இலேசாக இழுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால், நிட் வரிசையை 4 மி.மீ. ஊசியிலும் பர்ல் வரிசையை 3.5 மி.மீ. ஊசியிலும் போடலாம்; இது குறுக்குவழி அன்று, நெடுங்காலம் பின்னியவர்களும் செய்வதுதான். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: முன்பக்கத்துக் கண்ணிகளின் கால்கள் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து நின்றால், பர்ல் போடும்போது நூலை எதிர்த்திசையில் சுற்றுகிறீர்கள் என்று பொருள். அப்போது சுற்றும் திசையை மாற்ற வேண்டும், அல்லது அடுத்த நிட் வரிசையில் கண்ணியின் பின்காலில் ஊசியை விட வேண்டும்.

குல்லாவில் இந்தச் சிக்கல் தெரியாது, ஏனெனில் ரிப்பைத் தாண்டிய பிறகு சுற்றுப்பின்னலில் பர்லே வராது. அதே காரணத்தால் தட்டையாகப் பின்னும்போது கிடைக்கும் அளவும் சுற்றிப் பின்னும்போது கிடைக்கும் அளவும் மாறுபடலாம் என்பதை ஸ்வெட்டர் தொடங்கும்போது நினைவில் கொள்ளுங்கள். முதல் ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் வகையில் தேர்ந்தெடுப்பது நல்லது. முன், பின், இரு கைகள் ஆகிய பகுதிகளுக்கு இடையில் நான்கு அடையாள வளையங்களைப் போட்டு, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் ஒரு கண்ணியாக மொத்தம் எட்டுக் கண்ணிகள் கூட்டிக்கொண்டே வருவார்கள். எந்தக் கட்டத்திலும் கண்ணிகளை ஒரு நீண்ட நூலுக்கு மாற்றிவிட்டு உடம்பில் போட்டுப் பார்க்க முடியும் என்பதே அதன் வசதி. நூல் வாங்கும்போது எல்லா உருண்டைகளின் சீட்டிலும் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கு இடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்.