மறு: ‘அபாண்டன்வேர்’ – ‘கிடப்பு மென்பொருள்’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘அபாண்டன்வேர்’ (abandonware), அதாவது பதிப்புரிமை இருந்தும் இப்போது யாரும் விற்காத பழைய மென்பொருள், அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை முழுவதையும் படித்தேன். ‘கைவிட்ட மென்பொருள்’ என்பதற்கே ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது. சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இந்த மடலையும் பார்த்துவிடுங்கள். எனக்கு அந்தச் சொல் ஒத்துவரவில்லை. சொல்லின் நடையில் குறையில்லை, பொருள்தான் இடிக்கிறது. கடைகளில் நாணயம் போட்டு ஆடும் பழைய ஆர்கேட் ஆட்டங்களை எடுத்துக்கொண்டால் அது எங்கே இடிக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

> விற்பதில்லை, பழுது பார்ப்பதில்லை, கடிதம் போட்டால் பதிலும் இல்லை. இதைக் கைவிட்டது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. ஆனால் உரிமையைக் கைவிடுவது என்பது ஒருவர் தெரிந்தே செய்ய வேண்டிய காரியம். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். படைப்பாளி தன் உரிமையைத் துறக்க விரும்பினால் பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும், அல்லது பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். சும்மா இருப்பதால் உரிமை போய்விடாது. அமெரிக்காவிலும் அப்படித்தான். பேக்-மேன் 1980-இல் வந்தது. அங்கே நிறுவனத்துக்காகச் செய்த படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆக, 2075 முடியும்வரை அதன் உரிமை உயிரோடு இருக்கும்.

டாங்கி காங் ஆட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. 1981-இல் நின்டெண்டோ வெளியிட்ட அந்த ஆட்டத்துக்கு நிரல் எழுதியது இகேகாமி சுஷின்கி என்ற வேறொரு நிறுவனம். நிரலின் உரிமை யாருக்கு என்பது பிணக்காகி, 1983-இல் வழக்குக்குப் போய், 1990-இல்தான் சமரசமானது. வீட்டுக் கருவிகளுக்கான மறு உருவாக்கங்கள் இடையில் வந்துகொண்டிருந்தன. ஆனால் ஆர்கேட் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையில் இருந்த மூல ஆட்டம் தனியாக விலைக்கு வந்தது 2018 ஜூனில், ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில். நடுவே போன 37 ஆண்டுகளில் ‘கைவிட்டது’ என்று சொல்லிச் சொல்லியே அதன் ரோம் படிமத்தை (பலகைச் சில்லுகளிலிருந்து நகலெடுத்த நிரல் கோப்பை) பகிர்ந்தவர்கள் எத்தனையோ பேர். உரிமையாளர் ஒருநாளும் அதைக் கைவிடவில்லை.

அதனால்தான் ‘கிடப்பு மென்பொருள்’ என்று முன்மொழிகிறேன். ‘கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்’ என்றால் நம் காதுக்கு என்ன கேட்கிறது? கோப்பு இருக்கிறது. அது ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் நினைத்தால் நாளைக்கே எடுக்கலாம், எடுக்கவில்லை. பழைய ஆட்டங்களின் நிலை அச்சு அசலாக இதுதான்.

> ‘தரிசு மென்பொருள்’ எப்படி? தரிசு நிலத்துக்கும் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறதே.

இது எனக்கு மிகவும் பிடித்த முன்மொழிவு. அதை அனுப்பிய அம்மையாருக்கு நன்றி. இணையத்தில் பலர் பட்டா நிலத்தைப் புறம்போக்காக நினைத்துப் புழங்குகிறார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. ஆனாலும் தரிசு என்றதும் விளையாத மண் என்ற எண்ணம் கூடவே வருகிறது. இந்த ஆட்டங்கள் விளையாதவை இல்லையே. ஹாம்ஸ்டர் 2014 முதல் ஏதாவது ஒரு பழைய ஆட்டத்தை எடுத்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் கிடப்பே என் தேர்வு.

> ‘உரிமம் காலாவதியான ஆட்டம்’ என்று நேரடியாகச் சொல்லிவிடலாமே?

இதைத் தவிர்க்கவே வேண்டும் ஐயா. ஆர்கேட் நடத்தியவரிடம் பெரும்பாலும் உரிமம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. காசு கொடுத்துப் பலகையை வாங்கினார், அவ்வளவுதான். அந்தப் பலகையை வைத்துப் பொதுமக்களிடம் நாணயம் வாங்கி ஆட விடுவதற்கு உரிமை உண்டா என்பதே அமெரிக்காவில் வழக்கானது. ரெட் பாரன் என்ற ஆர்கேட் நிறுவனம், ஜப்பானில் விற்ற டபுள் டிராகன் பலகைகளை வாங்கிவந்து தன் கடைகளில் ஓடவிட்டது. அந்த ஆட்டத்தின் உரிமையை வைத்திருந்த டைட்டோ நிறுவனம் வழக்குப் போட்டது. நாணயம் போட்டு ஆடுவது ‘பொது நிகழ்த்தல்’ ஆகும், பலகையை வாங்கியதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது என்று 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் கடை வைத்திருந்தவர்களுக்கு அது பேரிடி. 1990-இல் நாடாளுமன்றம் ஒரு விலக்குக் கொண்டுவந்தது. அந்த விலக்கும் 1995 அக்டோபர் 1-உடன் முடிந்துபோனது. இந்த வரலாற்றில் காலாவதியானது சட்ட விலக்கு ஒன்றுதான், யாருடைய உரிமமும் இல்லை.

உரிமைகள் ஏன் இப்படிக் கிடப்புக்குப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்கேட் கடைகள் இருந்தவரை ஆட்டத்துக்கு வாங்குபவர் இருந்தார். வீட்டுக் கருவிகளும் ஆர்கேட் அளவுக்குக் காட்சி காட்டத் தொடங்கியதும் கூட்டம் குறைந்தது. ஜப்பானில் கூடுதலாக ஒரு நெருக்கடி. அங்கே ஓர் ஆட்டம் என்றால் 100 யென் நாணயம். 1989-இல் நுகர்வு வரி 3 விழுக்காட்டில் தொடங்கி 2019-இல் 10 விழுக்காடு ஆனது. நாணயத் துளையில் 103 யென் போட முடியாது. அந்த வரி முழுவதும் கடைக்காரர் கல்லாவிலிருந்தே போனது. ஆட்ட நிறுவனமான செகா தன் ஆர்கேட் கடைத் தொழிலின் பெரும்பங்கை 2020-இல் கெண்டா நிறுவனத்துக்கு விற்றது. மிச்சப் பங்கும் 2022 ஜனவரியில் போய், கடைகளின் பெயர்ப்பலகைகளும் கிகோ என்று மாறின.

கடைகளோடு ஆட்டம் செய்த நிறுவனங்களும் சிதறின. டபுள் டிராகனை உருவாக்கிய டெக்னோஸ் 1996-இல் திவாலானது. உரிமை மில்லியன் என்ற நிறுவனத்துக்குப் போய், 2015-இல் ஆர்க் சிஸ்டம் வர்க்ஸ் கைக்கு வந்தது. அட்டாரி நிறுவனம் 1984-இல் இரண்டாக உடைந்தது. ஆர்கேட் பிரிவு பல கை மாறி மிட்வேயிடம் சேர்ந்தது. 2009-இல் மிட்வே திவாலானபோது வார்னர் வாங்கியது. அதனால் அட்டாரி ஆட்டங்களிலேயே ஆஸ்டிராய்ட்ஸ் ஓரிடத்தில், காண்ட்லெட் வேறிடத்தில். இவற்றில் எதற்கும் உரிமையாளர் இல்லாமல் போகவில்லை. ஆனால் ஒரு பழைய ஆட்டத்துக்கு உரிமம் கேட்டுப் போகிறவர் இந்தக் கைமாற்றங்களை எல்லாம் துருவிப் பார்த்தாக வேண்டும்.

‘கைவிட்ட’ என்ற சொல் மறைத்துவிடும் இன்னொரு விஷயம் உண்டு. அதைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். மறையாக்கிய (பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய) நிரலைப் படிக்கும் திறவுகோல் நினைவகத்தில் நிற்பது அந்த பேட்டரியின் தயவில். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் போச்சு. ரோம் சில்லுகள் எல்லாம் அப்படியே நலமாக இருக்கும், ஆனால் திரையில் வெறும் நிறம்தான் தெரியும். ‘தற்கொலை பேட்டரி’ என்று பலகை சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். ஆர்வலர்கள் 2001-இல் மறையாக்கத்தை உடைக்காமல் அதைச் சுற்றிச்சென்று நிரலை எடுத்தார்கள். மறையாக்க முறை முழுமையாக விடுபட்டது 2007-இல். அதை விடுவித்தவர்களில் ஒருவர் நிகோலா சால்மோரியா, 1997-இல் மேம் எமுலேட்டரை (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளை) தொடங்கியவர். நியாயமாகக் காசு கொடுத்துப் பலகை வாங்கியவரின் ஆட்டம் இன்று உயிரோடு இருக்கிறது என்றால் அது இவர்களால்தான். கைவிட்டது என்று எழுதினால், யாரும் ஒன்றும் செய்யாமல் தானாக நடந்ததுபோல் ஆகிவிடுகிறது. கிடப்பு என்றால், கிடப்பில் போட்டது யார் என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதே என் விருப்பம்.

மேம் தளத்திலேயே அனுமதியோடு கிடைக்கும் ரோம்களும் சில உண்டு. எக்ஸிடி நிறுவனத்தின் சர்க்கஸ், ஸ்டார் ஃபயர், அப்புறம் ராபி ரோட்டோ, கிரிட்லீ. இவையும் கைவிட்டவை ஆகா. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு என்ற நிபந்தனையோடு உரியவர்கள் வாய்திறந்து வழங்கியவை. இவற்றுக்கு ‘இசைவு பெற்ற’ என்ற அடைமொழி போதும், புதுச்சொல் வேண்டாம்.

> ஆர்ஃபன் வர்க்ஸ் என்பதும் இதுதானே? இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் எளிதாக இருக்கும்.

வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உரியவர் இருந்தும் மக்களுக்குக் கிடைக்காமல் நிறுத்திவைத்த படைப்பு 31-ஆம் பிரிவில் வருகிறது. படைப்பாளி யாரென்றே தெரியாத, தேடியும் கிடைக்காத நிலை 31ஏ பிரிவில் வருகிறது. பின்னதற்கு ‘உரியவர் அறியாப் படைப்பு’ என்று ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார். அது நன்றாக இருக்கிறது. ‘ஆர்ஃபன்’ என்பதற்கு நேரான ‘அநாதை’ என்ற சொல்லை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாமே இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடாது. மிஸ் பேக்-மேன் ஆட்டத்தைச் செய்தது ஜெனரல் கம்ப்யூட்டர் என்ற அமெரிக்க நிறுவனம், வெளியிட்டது மிட்வே, உரிமை நாம்கோவிடம். செய்தவர்களுக்குச் சேரவேண்டிய உரிமத் தொகையை வேறொரு நிறுவனம் வாங்கப்போய் அதுவும் வழக்கில் நின்றது. 2022-இல் பேக்-லேண்ட் ஆட்டத்தை மறுபடி வெளியிட்டபோது, அதில் வரும் மிஸ் பேக்-மேனை எடுத்துவிட்டு பேக்-மாம் என்று புதிதாக ஒரு பாத்திரத்தை வைத்தார்கள். இந்த நிலையைக் கிடப்பு என்று சொல்ல முடியாது. ‘பிணக்கு உரிமை’ என்று தனிப் பதிவாகப் போடலாம். 2010-க்குப் பிறகு டைட்டோவின் நெசிகா போன்ற பிணைய முறையில் வந்த ஆட்டங்களும் தனி வகைதான். கடைக்காரர் கையில் பலகையே கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் பங்கு போகும், சேவை நின்றால் ஆட்டமும் நிற்கும். அதை அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

இந்த வகைப்பாடு நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் அறிக்கை வெளியிட்டது. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கக் கொடுக்க அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இந்தச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவருக்குச் சரியான சொல் இன்றே தேவை.

பதிவுக்கான வரைவு:

கிடப்பு மென்பொருள்: பதிப்புரிமை நடப்பில் இருந்தும், உரிமையாளர் விற்காமலும் பிறருக்கு உரிமம் வழங்காமலும் வைத்திருக்கும் மென்பொருள். எ-டு: “அந்த ஆட்டம் இருபது ஆண்டாகக் கிடப்பு மென்பொருள், சென்ற மாதம்தான் உரிமம் பெற்று வெளியிட்டார்கள்.”

ஆட்டங்களுக்கு மட்டும் என்றால் ‘கிடப்பு ஆட்டம்’ எனப் பிரித்தே எழுதலாம். ‘கிடப்பாட்டம்’ என்று சேர்த்தால் படிக்கிறவர் தடுமாறுவார். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘எமுலேட்டர்’ குறித்துத் தனி இழை தொடங்குகிறேன், அதை இதில் கலக்க வேண்டாம்.