புதுப்பிப்பு: ஆர்வியில் 30 ஆம்ப் பிரேக்கர் டிரிப் ஆனது, சரியாகிவிட்டது

எங்கள் ஆர்வியில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஏசி ஓடும்போது பிரேக்கர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாட்டர் ஹீட்டரை கரண்டிலிருந்து கேஸுக்கு மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. 120 வோல்ட், 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசிக்கும் ஹீட்டருக்குமே சுமார் 3,000 போய்விடுகிறது. அப்புறம் மைக்ரோவேவும் போட்டால் எங்கே தாங்கும்? மாற்றியபின் அமெரிக்காவில் இண்டியானா டியூன்ஸிலிருந்து மிசூரியின் ஹானிபல் வரை ஒருமுறைகூட டிரிப் ஆகவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆர்வியை முகாம் கரண்டோடு இணைக்கும் பிளக்கின் ஒரு முனை கருகியிருந்தது. மனைவிதான் கவனித்தார். முந்தைய முகாமில் சாக்கெட் லூசாக இருந்தது. அதனால்தான் என்று நினைக்கிறேன். புது பிளக் போட்டாயிற்று. உங்கள் பிளக் சூடாகத் தெரிந்தால், முதலில் முகாமில் பிளக் செருகும் கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.