கடற்கரையில் நகை தொலைந்துவிட்டது, எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்? (அவசரம்)

தேவகோட்டைத் தம்பி
அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம், வீட்டுக்காரி நகை எங்கேயோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். ஆன்லைனில் 40 முதல் 700 வரை டிடெக்டர் கிடக்கிறது. எதை வாங்கினால் நகை கிடைக்கும்? இன்றைக்கே ஆர்டர் போட வேண்டும். பிறகு அதையே பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருடம் ஊருக்குக் கொண்டுபோய் ஐயா வீட்டு வளவிலும் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

கண்டனூர் டு பெர்த்
தம்பி, 40க்கு வருவது பொம்மை, அதைத் தொடாதே. தங்கம் தேடுவது என்றால் பல்ஸ் இண்டக்ஷன் (விட்டுவிட்டு மின் துடிப்பு அனுப்பும்) வகைதான். சாதாரண வி.எல்.எஃப். (தாழ்ந்த அலைவரிசை) மெஷின் உப்பு ஈரத்தில் கத்திக்கொண்டே இருக்கும். ஈர உப்பு மணலே மின்சாரத்தைக் கடத்துவதால் அதையும் உலோகம் என்று எண்ணிவிடும். பல்ஸ் மெஷின் உப்பையும் செம்மண்ணையும் பொருட்படுத்தாது. தங்க வயல் பக்கம் போவதாக இருந்தால் முதலில் மைனர்ஸ் ரைட் என்ற தேடும் உரிமத்தை எடுத்துவிடு. விக்டோரியாவில் ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அடுத்தவர் சுரங்கக் குத்தகை நிலத்துக்குள் நுழைய தனி அனுமதி வேண்டும், வரைபடம் பார்க்காமல் போகாதே.

பள்ளத்தூர் லண்டன்
சட்டத்தை யாரும் சொல்லவில்லையே, அதுதான் முதலில் தெரிய வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 1996 டிரெஷர் ஆக்ட் என்ற புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட, காசு அல்லாத பொருளில் எடைக்கு 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் அது புதையல். ஒரே இடத்தில் கிடைத்த, அதே அளவு பழைய இரண்டு தங்க, வெள்ளிக் காசும் புதையல்தான். செம்பு, வெண்கலக் காசு என்றால் பத்து இருக்க வேண்டும். தெரிந்த 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். கண்டெடுத்த பழம்பொருளைப் பதிவு செய்யும் மாவட்ட ஃபைண்ட்ஸ் லியசான் ஆபீசரிடம் கொடுத்தால் அவரே வழிகாட்டுவார். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பிடித்தாலே 1979 சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்தில் எவ்வளவு பழசு என்ற கணக்கே வேறு. அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடவே கூடாது. லண்டன் தேம்ஸ் கரையில் துறைமுக ஆணையத்தின் பர்மிட் இல்லாமல் எதையும் தேடாதே. விசாவில் வந்திருக்கும்போது இந்த மாதிரி வம்பில் மாட்டக் கூடாது.

கோட்டையூர் ஆச்சி
தம்பிக்கு நகை போய்விட்டதே என்று கவலை, நீங்கள் புதையல் சட்டம் சொல்கிறீர்கள். தம்பி, முதல் ஆறு மாதம் எதற்கும் பெரிய தொகையைப் போடாதே. வீட்டு டெபாசிட், குளிருக்கு மெத்தைத் துணி, கவுன்சில் வரி என்று கையில் இருப்பது எல்லாம் போய்விடும். இங்கிலாந்து என்றால், வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆறு வாரம் கேட்டால் கொடுக்காதே. நகை மாங்கல்யமாக இருந்தால் மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போடச் சொல். அம்மா வந்தால் நேரே சொல்லிவிடு, மறைத்து வைக்காதே. பொண்ணு மனசு அப்போதுதான் தெம்பாக இருக்கும்.

புதுவயல் நியூ ஜெர்சி
டெபாசிட்டைப் பற்றி ஆச்சி சொல்வது சரி. இங்கே கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். நம்மூரில் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் பூட்டிக் கிடக்க, இங்கே ஒரு அறைக்கு அழவேண்டி இருக்கிறது.

பள்ளத்தூர் லண்டன்
பூட்டிக் கிடந்தால் பரவாயில்லையே. நிலைக்கதவும் பர்மாத் தேக்குத் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பங்காளிகள் ஆளுக்கொரு தேசத்தில், கையெழுத்துப் போட மட்டும் வருகிறார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

புதுவயல் நியூ ஜெர்சி
இங்கே கடைக்குக் கடை செட்டிநாடு சிக்கன் என்று போர்டு. உள்ளே கல்பாசியும் இல்லை, மராட்டி மொக்கும் இல்லை. வெறும் மிளகாய்த்தூள், அதைத்தான் நம்ம சமையல் என்று நம்புகிறார்கள்.

கானாடுகாத்தான் பிரிஸ்டல்
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, நீ நான்கு விஷயம் சொல்லவில்லை. எந்த ஊர்க் கடற்கரை? நகை என்ன: மோதிரமா, சங்கிலியா, மூக்குத்தியா, மெட்டியா? காய்ந்த மணலில் விழுந்ததா, அலை வந்துபோகும் ஈர மணலிலா? கடைசியாக அது கழுத்திலோ கையிலோ இருந்தது எத்தனை மணிக்கு? இது தெரியாமல் எந்த மெஷினைச் சொன்னாலும் காசுக்குக் கேடு.

இப்போதே ஒன்று செய். அன்று எடுத்த போட்டோக்களை நேர வரிசையில் வை. நகை தெரியும் கடைசிப் படத்தையும், தெரியாத முதல் படத்தையும் கண்டுபிடி. இரண்டுக்கும் நடுவே எங்கெங்கே நடந்தீர்களோ அதுதான் தேட வேண்டிய இடம். லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் படத்தின் விவரத்திலேயே இடமும் இருக்கும். கடற்கரை முழுவதும் தேடவேண்டிய வேலை இருபதடிக்கு இருபதடியாகக் குறைந்துவிடும்.

தேவகோட்டைத் தம்பி
மன்னிக்கணும் அண்ணே, பதற்றத்தில் விட்டுவிட்டேன். வேல்ஸில் கார்டிஃப்பில் இருக்கிறோம், போனது பக்கத்தில் உள்ள பேரி ஐலண்ட் கடற்கரை. மூன்று பவுன் சங்கிலி, 22 கேரட், அதில் மாங்கல்யமும் இரண்டு குண்டுமணியும். துண்டு விரித்தது சுவர் ஓரம் காய்ந்த மணலில். பிறகு கணுக்கால் தண்ணீர் வரை போனாள். 3:10 படத்தில் சங்கிலி இருக்கிறது, துண்டில் உட்கார்ந்திருக்கிறாள். 4:25 படத்தில் இல்லை. அப்போது தண்ணீர் ஓரம் நிற்கிறாள்.

கானாடுகாத்தான் பிரிஸ்டல்
நல்ல வேளை கேட்டேன். சங்கிலிதான் டிடெக்டருக்குச் சிரமமான நகை. டிடெக்டர் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும், அந்த எதிரொலியைத்தான் காயில் (coil, தண்டின் அடியில் உள்ள வட்டத் தட்டு) கேட்கிறது. மூடிய வளையமான மோதிரத்தில் மின்னோட்டம் சுற்றிவர வழி இருப்பதால் சத்தம் தெளிவாக வரும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் ஒழுங்காகப் பாயாது. அதனால் மூன்று பவுனும் ஒரு சிறு அலுமினியத் தாள் அளவுக்குத்தான் காட்டும். மெட்டியிலும் இதே சங்கடம், வாய் திறந்த வளையம் ஆயிற்றே. உன் விஷயத்தில் நம்பிக்கை தருவது மாங்கல்யமும் கொக்கியும். அவை கெட்டிப் பொருள், அவற்றின் ஒலிதான் வரும். ஒரு காசு 20 செ.மீ. ஆழத்தில் கேட்டால், இது 5, 10 செ.மீ.யிலேயே மெலிதாகத்தான் கேட்கும்.

பெர்த் அண்ணன் சொன்ன பல்ஸ் மெஷின் ஈர மணலில் நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்லாது. கூட்டம் கூடும் கடற்கரையில் பாட்டில் மூடி, ஊசி, ஆணி எல்லாவற்றையும் தோண்ட வேண்டிவரும். புதிதாக எடுப்பவருக்கு மல்டி ஃப்ரீக்வென்சி வி.எல்.எஃப். போதும். பல அலைவரிசையை ஒரே நேரத்தில் பார்ப்பதால் உப்பின் குறுக்கீட்டைக் கழித்துவிடும். மைன்லேப் வேன்கிஷ் 440 அல்லது 540, ஈக்வினாக்ஸ் 700, நோக்டா லெஜண்ட் எல்லாம் இந்த வகை. வேன்கிஷில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. மற்ற இரண்டையும் தண்ணீருக்குள் இறக்கலாம். காரெட் ஏஸ் 300i நல்ல மெஷின்தான். ஆனால் 8 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அலைவரிசையில் ஓடுவது, காய்ந்த மணலுக்கும் புல்வெளிக்கும் சரி, ஈர உப்பு மணலுக்கு ஆகாது.

ஆனால் தம்பி, இந்த ஒரு நகைக்காக இன்றைக்கே ஆர்டர் போடாதே. மெஷின் ஒலியைக் காது பழகவே சில வாரம் பிடிக்கும். தி ரிங் ஃபைண்டர்ஸ் என்ற தளத்தில் ஊர்வாரியாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பலர் கிடைத்தால் மட்டும் வெகுமதி என்ற பேச்சில் வருவார்கள். வரும்போது ‘சங்கிலி’ என்று முதலிலேயே சொல், அவர்கள் அமைப்பையே மாற்றிக்கொண்டு வருவார்கள். லைஃப்கார்ட் அறையிலும் எதிரே உள்ள கடைகளிலும் கேட்டுவை. கடற்கரையில் டிராக்டர் விட்டு மணலைச் சலிக்கிறார்களா, டிடெக்டர் பிடிக்க அனுமதி வேண்டுமா என்று கவுன்சிலில் விசாரி.

கண்டனூர் டு பெர்த்
வேல்ஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் தங்க வயல் கதை பேசியிருக்க மாட்டேன். மல்டி ஃப்ரீக்வென்சிக்கு நானும் சம்மதம். சென்சிடிவிட்டியை (உணர்திறனை) முழுசாக வை, டிஸ்கிரிமினேஷனை (குப்பை உலோகத்தை ஒதுக்கும் வசதியை) எடுத்துவிடு, எல்லாவற்றையும் தோண்டு.

கானாடுகாத்தான் பிரிஸ்டல்
டிஸ்கிரிமினேஷன் விஷயத்தில் அண்ணன் பாதி சரி. இரும்பை மட்டும் விலக்கிவிட்டு, திரையில் அதற்கு மேலே எந்த எண் வந்தாலும் தோண்ட வேண்டும். மெல்லிய தங்கமும் சிகரெட் பெட்டி வெள்ளித் தாளும் டின் டப்பா திறக்கும் வளையமும் திரையில் ஒரே இடத்தில்தான் வரும். குப்பை எண் என்று ஒதுக்கினால் தங்கத்தையும் ஒதுக்கிய மாதிரி.

சென்சிடிவிட்டியை முழுசாக வைக்காதே. ஈர மணலில் அது பொய்ச் சத்தம் போடும், நிஜ ஒலி அதில் அமுங்கிப்போகும். காயிலை அசைக்காமல் பிடித்தால் அமைதியாகும் வரை படிப்படியாகக் குறை. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பையில் தள்ளி வை, கையில் வளையல், வாட்ச் வேண்டாம். நாய்ஸ் கேன்சல் (குறுக்கீட்டை நீக்கும் பொத்தான்) இருந்தால் இடம் மாறும்போதெல்லாம் அழுத்து.

தேடுகிற முறை: நான்கு முளை அடித்து நூல் கட்டி, ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரி. காயில் மணலுக்கு 1, 2 செ.மீ. மேலே, மட்டமாக இருக்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி இரு முனையிலும் தூக்கினால் ஓரங்களில் ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடட்டும். வடக்கு தெற்காக முடித்துவிட்டு அதே கட்டத்தைக் கிழக்கு மேற்காக மறுபடி போ. கிடக்கும் கோணத்தைப் பொறுத்து சங்கிலி ஒரு பக்கம் பேசும், மறு பக்கம் பேசாது. காயில் உறைக்குள் மணல் சேர்ந்தாலும், கேபிள் தண்டில் தளர்வாக ஆடினாலும் இல்லாத சத்தம் வரும். வாய் வளைந்த பாட்டில் மூடி என்று சந்தேகம் வந்தால், காயிலின் நுனியை மட்டும் மேலே கொண்டுபோ, பெரும்பாலும் இரும்பு ஒலி தட்டும்.

முதலில் காய்ந்த மணலில், துண்டு விரித்த இடத்தைச் சுற்றி. உட்கார்ந்து எழும்போதும் உடை மாற்றும்போதும்தான் கொக்கி கழலும். அங்கே கைக்கெட்டும் ஆழத்தில்தான் இருக்கும். பிறகுதான் தண்ணீர் ஓரம். பேரி ஐலண்ட் இருக்கும் பிரிஸ்டல் கால்வாய் கடல் உலகிலேயே அதிகமாக ஏறி இறங்கும் கடல்களில் ஒன்று. அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள் இன்னும் தூரம் உள்வாங்கும். ஓத அட்டவணை பார்த்து, வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே இறங்கி, தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போ, திரும்பத் தொடங்கும்போது நீயும் திரும்பு. அது ஏறும் வேகம் தொண்டிக் கடல் மாதிரி இருக்காது. அலை அடித்துக் குலுக்கும் மணலில் தங்கம் அடியில் உள்ள கெட்டித் தளம் வரை இறங்கிவிடும். அதனால் நாள் போகப் போகக் கடினம், இந்த வாரமே போ.

மணல் அள்ளும் ஓட்டைக் கரண்டியின் ஓட்டை பெரிதாக இருந்தால் அறுந்த சங்கிலி நழுவி விழும். சின்னக் கண் சல்லடை ஒன்று எடுத்துக்கொள். கை வைத்து இடம் பார்க்கும் பின்பாயிண்டர் வாங்கினால் கடையில் வாங்கு, காரெட் பெயரில் போலி நிறைய ஓடுகிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவு.

பள்ளத்தூர் லண்டன்
பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதானால் இதையும் கேள். கூர்மையான தோண்டும் கத்தியை பஸ்ஸில் கையில் வைத்துக்கொண்டு போகாதே. மடக்காத கத்தி என்றால் எந்த நீளமானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். பையில் கட்டிவை. புல்வெளியில் குதிரை லாட வடிவில் வெட்டி, ஒரு பக்கத்தை ஒட்டவிட்டு மடக்கு. மண்ணைத் துணியில் போட்டு, அப்படியே திருப்பிக் கொட்டி மிதித்து மூடு. பழைய குண்டு போல ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி 999க்குக் கூப்பிடு. நிலக்காரர் அனுமதி எழுத்தில் வேண்டும். என்.சி.எம்.டி. என்ற டிடெக்டர்காரர்கள் சங்கத்தில் உறுப்பினரானால் பொறுப்புக் காப்பீடும் சேர்ந்து வரும்.

ஐயா வீட்டு வளவு விஷயம்: 1878 புதையல் சட்டம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அதை இங்கே கொண்டுவர முடியாது. வீட்டில் பங்குள்ள அத்தனை புள்ளிகளும் (குடும்பங்களும்) சம்மதிக்காமல் தரையில் கடப்பாரை வைக்காதே. பாதி வழக்கு அங்கேதான் பிறக்கும்.

கண்டனூர் டு பெர்த்
நம்ம செம்பூரான் மண்ணில் இரும்புச் சத்து அதிகம், தரை தானே சத்தம் போடும். கையால் கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய முடிகிற மெஷின் வேண்டும். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, ஒலி அடங்கும் வரை சரிசெய். பழைய வீட்டைச் சுற்றி ஆணியும் இரும்புத் துண்டும் நிறைய, அதற்கு 6 அங்குலச் சின்னக் காயில்தான் சரி.

தேவகோட்டைத் தம்பி
அண்ணே, தேடித் தருபவர் ஒருவர் வியாழக்கிழமை காலை வருகிறேன் என்றிருக்கிறார். ஆச்சி சொன்னபடி மஞ்சள் கிழங்கு கட்டியாயிற்று, அம்மாவிடமும் போனில் சொல்லிவிட்டோம். அவர் வரும்போது நான் எதைத் தயாராக வைக்க வேண்டும்?

கானாடுகாத்தான் பிரிஸ்டல்
அந்த இரண்டு படங்களும், துண்டு விரித்த இடத்தைக் காட்ட வீட்டுக்காரியும். அதே எடையில், அதே பின்னலில் ஒரு சங்கிலி யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போ. அவர் அதை 5 செ.மீ. புதைத்துக் கேட்டுவிட்டால், உன் சங்கிலி என்ன எண்ணில், என்ன ஒலியில் பேசும் என்று அந்த மணலிலேயே தெரிந்துவிடும். புதைக்கும் முன் அதில் நீளமான சிவப்பு ரிப்பன் கட்டி, நுனியை மணலுக்கு வெளியே விட்டுவை.