செங்டுவில் ஒரு சீனக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன், சாப்பாட்டு மேசையில் என்ன தப்பு செய்கிறேன்?

கயல்21:
பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் செங்டுவுக்கு வந்து இன்றோடு 9 நாள். இன்னும் ஐந்து வாரம் இங்கேதான். வீட்டில் அம்மா, அப்பா, அப்பாவின் அம்மா, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். நால்வருமே தங்கமானவர்கள், அதனாலேயே இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

மேசையில் உட்கார்ந்தால் அந்த அம்மா என் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறார். காலி செய்தால் உடனே நிரம்பிவிடுகிறது, மிச்சம் வைத்தால் நன்றாக இல்லையா என்று முகம் வாடுகிறது. பாத்திரம் கழுவப் போனால் கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறார். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன், எனக்காகத் தனியாக வேறு சமைக்கிறார்கள். அதனால் தண்ணீர் தந்தாலும் செருப்பு எடுத்துத் தந்தாலும் "ஷியே ஷியே" என்று நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்று இரவு அவர் மகளிடம் ஏதோ சொல்ல, அவள் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுக் காட்டினாள்: "ஏன் எங்களை வெளியாள் மாதிரி நடத்துகிறாய்?" தூக்கமே வரவில்லை.

ஷியான்_ஓராண்டு:
தங்கச்சி, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, நன்றி கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நம் வீட்டில் அம்மா சோறு போட்டால் நன்றி சொல்கிறோமா? சொன்னால் "என்னடி புதுசா இருக்கு" என்றுதான் கேட்பார். அங்கேயும் அப்படியே. விருந்தாளியிடம் காட்டும் உபசார மரியாதையை 'கெச்சி' என்பார்கள். நீங்கள் நன்றி சொன்னதும் அவர் "பூ யோங் கெச்சி" என்றிருப்பாரே, அந்த உபசாரமெல்லாம் வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம். அதை அவர் நிஜமாகவே சொல்கிறார்.

நன்றிக்குப் பதிலாக முறை சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் 'ஆயி' (நம் சித்தி மாதிரி), பாட்டி 'நைநை'. வீட்டுக்காரர் உங்கள் அப்பாவைவிட இளையவர் என்றால் 'ஷூஷூ', மூத்தவர் என்றால் 'போபோ', அதாவது நம் சித்தப்பா, பெரியப்பாவேதான், தாய்மாமனுக்குக்கூட அவர்களிடம் தனிச்சொல் உண்டு. காலையில் அறையை விட்டு வந்ததும் "ஆயி" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள், முகம் எப்படி மலர்கிறது என்று.

கிண்ண விஷயம்: காலியானால் நிரப்புவார்கள் என்று தெரிந்துவிட்டதே, அதனால் கடைசி வாயை அவசரமாக முடிக்காதீர்கள். வயிறு நிறைந்ததும் "வோ ச்சுர் பாவ் லெ" என்று சொல்லி, மற்றவர்களைப் பார்த்து "மான் மான் ச்சுர்" (மெதுவாகச் சாப்பிடுங்கள்) என்றுவிட்டு சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் படுக்கையாக வையுங்கள். சோற்றில் மட்டும் நட்டு வைக்கவே கூடாது, இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றியது போல இருக்கும்.

பாத்திரம் கழுவ விடமாட்டார்கள், நானும் மூன்று மாதம் போராடித் தோற்றேன். சமைக்கும் முன்னால் போய் உட்காருங்கள். பாட்டி பூண்டு உரித்தால் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் உரியுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

காய்கறிக்காரி:
அக்கா, சைவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "வோ பூ ச்சுர் ரோ" (இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று நிறுத்திவிடாதீர்கள். வெறும் 'ரோ' என்றால் பலருக்குப் பன்றி இறைச்சிதான் மனதில் வரும், கோழி வந்து நிற்கும். "வோ ச்சுர் சூ" என்றால் சைவம். ஆனால் அதில் பௌத்த விரதத்தின் சாயல் உண்டு, பூண்டு வெங்காயத்தைக்கூட ஒதுக்கிவிடுவார்கள், அதனால் அவையும் முட்டையும் சாப்பிடுவேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். செங்டு பக்கம் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு, ஹாட்பாட் (மேசையிலேயே கொதிக்கவைத்து, அதில் காய்கறி, இறைச்சியை வேகவைத்துச் சாப்பிடுவது) குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில்தான். மாப்போ டோஃபு என்ற காரமான சோயா பன்னீர் குழம்பில் கொத்துக்கறி இருக்கும், அது இல்லாமல் செய்து தரச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள். காரத்தைப் பெரிய அவரை விதையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுதுதான் தருகிறது, ருசி குறையாது. இதையெல்லாம் ஒரே தடவையில் எழுதிக் காட்டிவிடுங்கள். ஆயிக்குத் தினம் தினம் ஊகிக்கிற வேலை மிச்சம்.

மழைக்காலம்:
முதலில் ஒன்று: காவல் நிலையத்தில் உங்கள் தங்குமிடத்தைப் பதிவு செய்தார்களா? ஓட்டலில் தங்காத வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், 2013-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தாளைப் படம் எடுத்துக் கையில் வைத்திருங்கள். பதியவில்லை என்றால் நாளைக்குத் தள்ளாமல் இன்றே ஷூஷூவிடம் கேளுங்கள்.

மேலே ஷியான் தோழர் சொன்னது சரிதான், ஆனால் ஒன்றைச் சேர்க்கணும். வீட்டுப் பிள்ளை என்றால் பிள்ளைக்கு உள்ள கட்டுப்பாடும் சேர்ந்தே வரும். இரவு எங்கே போனாய், ஏன் மெல்லிய சட்டை போட்டாய், ஏன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறாய், உன் அப்பாவுக்குச் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கு முதல் மாதம் மூச்சு முட்டியது. வெளியே போகும்போது வீச்சாட்டில் (அங்கே எல்லாரும் பயன்படுத்தும் அரட்டை ஆப்) எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு வரி போட ஆரம்பித்த பிறகு பாதிக் கேள்விகள் நின்றன.

கயல்21:
எல்லாருக்கும் பதில் போட நேரமாகிவிட்டது. பதிவு முதல் நாளே ஆகிவிட்டதாம், தாளைக் காட்டினார்கள். இன்று மாலை நைநை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை பூண்டு உரித்தேன். நான் நகத்தால் கிள்ளுவதைப் பார்த்துவிட்டு, கத்தியின் தட்டையான பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி உரிக்கச் சொல்லித் தந்தார். இரவு ஆயி டோஃபு வைத்தபோது "ஷியே" வரை வந்துவிட்டது, அப்படியே நிறுத்திவிட்டு, "ஆயி, ஹாவ் ச்சுர்" (நன்றாக இருக்கிறது) என்றேன். இன்னொரு கரண்டி வைத்தார். முழுசாகச் சாப்பிட்டேன்.