மறு: டிலேய்ட் ஆடிட்டரி ஃபீட்பேக் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். திக்கல் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், 'டிலேய்ட் ஆடிட்டரி ஃபீட்பேக்' என்பதற்கு ஒருவர் சொன்ன யோசனைக்கு இது என் பதில்.

> 'தாமதச் செவிவழிப் பின்னூட்டம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் 'செவிவழி' என்றதும் செவிவழிக் கதையும் செவிவழிச் செய்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பின்னூட்டம்' இணையத்துக்குப் போய்விட்டது. கட்டுரைக்கு அடியில் வாசகர் எழுதுவது என்றே பலரும் படிப்பார்கள்.

நடப்பது இதுதான். பேசுபவரின் குரலை ஒலிவாங்கி வாங்கி, சற்றுப் பிந்தி அவர் காதிலேயே திருப்பிப் போடுகிறது. தொலைபேசியில் சில நேரம் நம் குரல் நமக்கே எதிரொலித்து நாக்கு குழறுமே, அதேதான். ஆய்வாளர் பெர்னார்ட் லீ 1950-களின் தொடக்கத்தில் இதை எழுதியபோது, தடையின்றிப் பேசுபவர்கள்கூட அசைகளை இழுத்து, திரும்பத் திரும்பச் சொல்வதைக் காட்டினார். 'பள்ளிக்கூடம்' என்பது 'பள்ளிக்கூ-கூ-கூடம்' ஆகிவிடும். சுமார் 200 மில்லிநொடி பிந்தினால் குழறல் மிக அதிகம். ஆனால் திக்கிப் பேசுவோர் பலருக்கு, 50 முதல் 75 மில்லிநொடி பிந்திக் கேட்டாலே பேச்சு இளகிவிடுகிறது. ஒருவரைத் திக்க வைப்பது இன்னொருவருக்குத் திக்கலைக் குறைக்கிறது. ஆகவே முன்பு ஒருவர் சொன்ன 'திக்குத்தடுப்பு ஒலி' வேண்டவே வேண்டாம்.

என் பரிந்துரை: பிந்திய தன்குரல். 'பிந்துகுரல்' என்று வினைத்தொகையாகச் சுருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பிந்து என்றால் புள்ளி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். 'பின்குரல்' பின்னணிக் குரலோடு குழம்பும். 'தன்குரல்' என்று வைத்தால் குடும்பமாகவும் வளரும்: பொதுப்பெயர் 'தன்குரல் கேட்பு', குரலின் சுருதியை ஏற்றியோ இறக்கியோ கேட்கவைத்தால் 'சுருதி மாற்றிய தன்குரல்'.

அப்புறம் 'மாஸ்கிங்', அதாவது காதில் வேறு ஓசை போட்டுத் திக்கலைக் குறைக்கும் முறை. எல்லாவற்றையும் 'மறைப்பு' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எடின்பரோ மாஸ்கர் என்ற பழைய கருவி, தொண்டை அதிர்வை உணர்ந்து, பேசும்போது மட்டும் காதில் ஓசை எழுப்பிக் குரலை மூழ்கடித்தது. அதற்கு 'குரல்மறைப்பி' கச்சிதம். ஆனால் 1961-இல் சட்டன், சேஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பேச்சின் இடைவெளிகளில் மட்டும் இரைச்சலை ஓடவிட்டார்கள். அப்போதும் திக்கல் குறைந்தது. குரல் இல்லாத நேரத்தில் எதை மறைத்தது? காரணம் இன்னும் தீராத வழக்காக இருக்கும்போது, பெயரிலேயே தீர்ப்பு எழுதக்கூடாது. அங்கே 'வெண்ணிரைச்சல்' (வைட் நாய்ஸ், ஒரே சீரான 'ஷ்ஷ்' ஒலி) என்று ஒலியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவோம்.

பின்னணி இசையை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். அதில் தாளம் இருக்கிறது, சத்தத்தின் அளவு இருக்கிறது, கவனம் திரும்புவதும் இருக்கிறது. எது வேலை செய்கிறது என்று பிரிப்பது கடினம். ஒருவருக்கு உதவுவது அடுத்தவருக்கு உதவாமலும் போகிறது. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டுக்கு ஒவ்வோர் அசையாகப் பேசுவது தனி. அதற்குத் 'தாளப்பேச்சு' போதும்.

இன்னொருவரோடு சேர்ந்து ஒரே பத்தியை வாசிக்கும்போது பெரும்பாலோர்க்குத் திக்கல் ஏறக்குறைய நின்றுவிடுகிறதே, அதற்குத்தான் சொல் அமையவில்லை. 'சேர்ந்திசை' பாட்டுக்குப் போய்விடும். 'உடன்வாசிப்பு' எப்படி? மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.