பழைய டிராக்டரா, சற்றுப் புதியதா?

மேலூர் விவசாயி: வணக்கம். பெரியாறு பாசனத்தில் ஐந்து ஏக்கர் நெல் பயிரிடுகிறேன். 2004ஆம் ஆண்டு வண்டி ஒன்றும், அதைப்போல் இரு மடங்கு விலையில் 2016ஆம் ஆண்டு வண்டி ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. தொளி உழவுக்கு, அதாவது நீர் கட்டிய வயலைச் சேறாக்கும் உழவுக்கு, எதை வாங்கலாம்?

வாடிப்பட்டியிலிருந்து: தொளி என்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள், ஐயா. பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கும் உலர் பிரேக்கில் சேற்றுநீர் புகுந்தால் பிடிமானம் குறையும். ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் ஆயில் பிரேக்கில் அந்தத் தொல்லை குறைவு.

திருமங்கலம் மெக்கானிக்: ஆண்டைக் காட்டிலும் இன்ஜினின் நிலைதான் முக்கியம். வண்டி நன்றாகச் சூடேறிய பின், ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்த சிறிது நேரத்திலேயே அது மளமளவென்று இறங்கினால், ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை நான் நம்புவதில்லை. கிளட்ச் பெடல் எவ்வளவு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

உசிலம்பட்டியிலிருந்து: 2004 வண்டியின் 15 ஆண்டுப் பதிவு 2019இலேயே முடிந்திருக்கும் என்பதால், புதுப்பித்த ஆர்.சி. புத்தகத்தைக் காணாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2016 வண்டியைக் கடனில் வாங்கியிருந்தால், அந்தக் கடன் அடைந்ததற்கான வங்கியின் தடையின்மைச் சான்று அவசியம். அதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பெயர் மாற்றத்துக்காக ஏழு மாதம் அலைந்தவன் நான்.

மேலூர் விவசாயி: நன்றி. 2016 வண்டியை ஞாயிற்றுக்கிழமை வயலில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன்.